உசனாரின் பாருக்கு வெள்ளிக்கிழமை லீவு

உசனார் ஐந்து நேரத் தொழுகையை விடாத மனிதர். அவர் மீன் நிறுத்தால் தராசு முள் எப்போதும் வாங்குபவர் பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். வழியில் கிடந்த ஒற்றைச் செருப்பைக்கூடப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய், "இது யாருட?" என்று ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் ஒரேயொரு விஷயத்தில் மட்டும் கண் சிமிட்டாமல் பொய் சொல்வார். மீனை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால் போதும்.

குறிஞ்சிப்பிட்டிக் கரையில் அது ஒரு குற்றமே இல்லை. பிடித்த இடத்தை வெளியே சொன்னால் பரக்கத்து என்கிற அருள் போய்விடும் என்று எல்லோரும் நம்புகிற ஊர் அது. ஆனால் மற்றவர்கள் எதையாவது முணுமுணுத்து நழுவிவிடுவார்கள். உசனார் நழுவ மாட்டார். நேராக நிமிர்ந்து நின்று, வலது கையை உயர்த்தி, தெற்கே மாம்புரிப் பக்கமாக விரலை நீட்டுவார். வடக்கே பிடித்தாலும் மாம்புரி, மேற்கே பிடித்தாலும் மாம்புரி. அந்த விரலை நம்பிப் போய் மண்ணெண்ணெயை எரித்துவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் ஊரில் கொஞ்சப் பேரில்லை.

"பொய் பாவமில்லயா உசனார்?" என்று ஒருநாள் பள்ளிவாசல் ஹசரத் கேட்டார்.

"நான் வாயத் தொறக்கவே இல்ல ஹசரத். விரலத்தான் நீட்டினேன்" என்றார் உசனார்.

இந்த விரல் காவல் காத்தது ஒரு பாரை. கடலுக்கடியில் கல்லும் பவளமுமாக மேடு தட்டிக் கிடக்கும் இடத்தைப் பார் என்பார்கள். மீன் குடியிருப்பது அங்கேதான். உசனாரின் பாரை அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. வாலிபத்தில் ஒருநாள் நங்கூரம் போய்ச் சிக்கி, அதை இழுக்கக் குதித்தபோது, கீழே கலவாய் மீன்கள் கல்யாண வீட்டுக்காரர் போல நின்றன. மேலே வந்து சுற்றிப் பார்த்தார். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டும் மாம்புரிக் காற்றாலைகளும் அப்போது இல்லை. பள்ளிவாசல் மினாராவையும் இரண்டு தென்னையையும் வைத்துத்தான் இடத்தை மனதில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு தென்னையில் இடி விழுந்தது. புகைக்கூண்டு வந்ததும் உசனார் பெரிய மனதோடு அதைத் தென்னைக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பார்தான் இரண்டு பெண்பிள்ளைகளையும் கரை சேர்த்தது, ஓலைக் கூரையை ஓடாக்கியது. அதனால் கூட ஓர் ஆளை ஏற்றாமல் தனியாகவே போய்வருவார். ஒரே ஒருமுறை மச்சினன் நஸீமைக் கூட்டிப்போக வேண்டி வந்தது. இடம் பிடிபடக் கூடாதே என்று போட்டை வட்டம் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார். நஸீம் போட்டின் விளிம்பில் தொங்கியபடி வாந்தி எடுத்து, அன்றிலிருந்து கடலையே விட்டுக் கொஞ்சக் காலம் வெங்காயம் நட்டான்.

ஆனால் கொஞ்ச வருஷமாகப் பாரில் மீன் குறைந்துகொண்டே வந்தது. முன்பு பெட்டி நிறைந்த இடத்தில் இப்போது பெட்டியின் அடி தெரிந்தது. உசனார் காரணங்கள் வைத்திருந்தார். வெளியூர் போட்டுகள் தடைசெய்த வலையோடு வந்து அள்ளுகின்றன என்பது ஒன்று, அது உண்மையும்கூட. கல்பிட்டி ஹோட்டல்களில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பறக்கிற வெள்ளைக்காரர்கள் மீனைப் பயங்காட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. ஒன்றுக்கு மட்டும் அவராலேயே காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் பார் எப்போதும் ஏமாற்றியது. கடைசியில் அதற்கும் ஒரு விளக்கம் வைத்துக்கொண்டார்: "வெள்ளிக்கிழம நான் போறல்லதானே. அந்தக் கோவத்துல சனிக்கிழம மீன் தூண்டிலத் தொடுதில்ல."

குறிஞ்சிப்பிட்டி முஸ்லிம்கள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை, ஜும்ஆத் தொழுகை நாள். கரையில் பாதிப் பேரான கத்தோலிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை போவதில்லை, பூசை நாள். உசனார் ஞாயிற்றுக்கிழமை பாருக்குப் போய்விட்டு, வரும் வழியில் இன்னோரிடத்திலும் கொஞ்ச நேரம் நின்று வருவார். அது எந்த இடம் என்பதை இப்போது சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரியில் வாடைக் காற்று அடங்கி, கடல் படிந்திருந்த நேரம், கடற்றொழில் அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு மிஸ் வந்தார். சிவரஞ்சனி என்று பெயர். உடப்புக்காரி, மீனவன் பெற்ற பிள்ளை. மீனவர் சங்க மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, இந்தக் கரைப் போட்டுகளுக்குப் பரீட்சார்த்தமாக ஒவ்வொரு பெட்டி பூட்டப்படும். போட் எங்கே நிற்கிறது என்று அது காட்டும். வெளியூர்க்காரன் வந்தால் பிடிக்கலாம், நம்மவன் காணாமல் போனால் தேடலாம். பெட்டி பூட்டினால்தான் மண்ணெண்ணெய்ச் சலுகை. இரண்டாவது, பார்கள் களைத்துப் போய்விட்டன. கிழமைக்கு ஒருநாளாவது அவற்றைச் சும்மா விடவேண்டும்.

உசனார் எழும்பினார். "மிஸ், எங்கட பாருக்கு ஓய்வு ஏற்கனவே ஈக்குது. வெள்ளிக்கிழம நாங்க கடலுக்குப் போறல்ல. அல்லா தந்த லீவு. கவுருமேந்து தரத் தேவல்ல."

உடனே பின்வரிசையிலிருந்து அல்பிரட் எழும்பினார். உசனாரின் பால்ய சிநேகிதன். இருவரின் போட்டும் கரையில் பக்கத்துப் பக்கத்தில்தான் ஏற்றி வைத்திருக்கும். "உசனார் சொல்றது சரி மிஸ். எங்கட ஆக்கள் ஞாயிற்றுக்கிழம போறதில்ல. அப்ப கிழமைக்கு ரெண்டு நாள் ஓய்வு கிடைக்குதே!"

மண்டபம் கைதட்டியது. இவ்வளவு ஒற்றுமையாக அந்த மண்டபம் கைதட்டி நெடுங்காலமாகியிருந்தது.

"நல்லது. நீங்க சொல்றது எந்தப் பார்?" என்று உசனாரிடம் மிஸ் கேட்டார்.

"நான் பொதுவாச் சென்னேன்" என்று சொல்லிவிட்டு உசனார் உட்கார்ந்துகொண்டார்.

ஓய்வுநாள் கதை அத்தோடு தள்ளிப்போனது. பெட்டி தள்ளிப்போகவில்லை. மஞ்சள் நிறத்தில், சாப்பாட்டுப் பெட்டி அளவில், தலையில் ஒரு சோலார் தகட்டோடு வந்து ஒவ்வொரு போட்டிலும் உட்கார்ந்தது. சங்கச் செயலாளர் நிஸார், மண்டபச் சுவரில் ஒரு பெரிய டீவியை மாட்டினான். கடல் நீலமாகவும் போட்டுகள் பச்சைப் புள்ளியாகவும் அதில் தெரிந்தன. புள்ளியில் விரல் வைத்தால் சொந்தக்காரர் பெயர் வரும். சாஹுல் ஹமீது தன் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகைகளைத் தூக்கிவந்து மண்டபத்திலேயே போட்டார். ஊர் கிரிக்கெட் பார்ப்பதை விட்டுவிட்டுப் புள்ளி பார்க்கத் தொடங்கியது.

உசனார் அந்த டீவியைப் பார்த்த அன்று சோறு தின்னவில்லை. நாளைக்கு அவருடைய புள்ளி பாரின் தலையில் போய் நிற்கும். பிறகு விரலை மாம்புரிக்கு நீட்டி என்ன, மக்கத்துக்கு நீட்டி என்ன? பெட்டியைப் பூட்டாவிட்டால் மண்ணெண்ணெய் கட்டுபடியாகாது, பூட்டினால் பார் போய்விடும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்தது, இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

விடியற்காலையில் பெட்டியைக் கழற்றி மனைவி ஜுனைதாவிடம் கொடுத்தார். "இத முத்தத்துல வெயில் படுற எடமா வெய். கேட்டா ரிப்பேர் எண்டு செல்லு."

"எங்க போறீங்க எண்டு ஊருக்குத் தெரியக் கூடாது. சரி. எனக்காவது செல்லலாமே?"

"பொம்புளைக்கு அது என்னத்துக்கு?"

ஜுனைதா அன்றைக்குப் புத்தளம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக இருந்தாள். வீட்டில் ஆளில்லை. கவுருமேந்துச் சாமான் முற்றத்தில் கிடந்து களவு போனால் யார் பதில் சொல்வது? பெட்டியைக் கைப்பையின் மேலே வெயில் படும்படி செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் புள்ளி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாங்குகளை முன்னே இழுத்துப் போட்டார்கள். உசனாரின் போட் கரையைவிட்டு ஏறி, தென்னந்தோட்டங்களைக் கடந்து, நுரைச்சோலைச் சந்தியில் கொஞ்சம் நின்று, பாலாவியில் திரும்பி, புத்தளத்துக்குள் நுழைந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் அது எட்டியும் பார்க்கவில்லை. ஓரிடத்தில் போய் அசையாமல் நின்றுவிட்டது.

மாலையில் உசனார் கரைக்கு வந்ததும் நிஸார் ஓர் அண்ணனிடம் கேட்கும் பவ்வியத்தோடு கேட்டான். "நானா, ஒங்கட போட் லுஹர் தொழுக நேரம் வரைக்கும் புடவக் கடையில நங்கூரம் போட்டு நிண்டிச்சி. மீன் எப்பிடி?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்றிரவு வீட்டில் உசனார், "கிளினிக் எண்டு செல்லிட்டு?" என்று தொடங்கினார். ஜுனைதா முந்திக்கொண்டாள். "எங்க போறேன் எண்டு எல்லாருக்கும் தெரியவேணுமா? பொம்புளைக்கு மட்டும் எடம் ஈக்கக் கூடாதா?" உசனார் குனிந்து பார்த்தார். அவர் கட்டியிருந்த புதுச் சாரமும் அந்தக் கடையில் வாங்கியதாக இருந்தது.

மிஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். இன்னொருமுறை பெட்டி கடலில் இல்லாமல் வேறெங்காவது தெரிந்தால் சலுகை நிற்கும். அதை உசனார் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டார். அதாவது பெட்டி கடலில் இருக்கவேண்டும். தன்னோடுதான் இருக்கவேண்டும் என்று மிஸ் சொல்லவில்லையே.

வியாழக்கிழமை சுபஹுத் தொழுகைக்கு முன்பே கரைக்குப் போய், பக்கத்தில் நின்ற அல்பிரட்டின் போட்டில், முன் அணியத்துப் பலகையின் ஓரமாக, தகடு மட்டும் கொஞ்சம் வெயில் குடிக்கும்படி பெட்டியைக் கயிற்றுக் குவியலுக்குள் செருகிவிட்டார். அந்தக் கிழமை சூடைமீன் திரண்டு வந்திருந்தது. அல்பிரட் எல்லோரோடும் சேர்ந்து சூடை வலைக்குத்தான் போவார் என்று உசனாருக்குத் தெரியும். அப்படியே நடந்தது. டீவியில் உசனாரும் அல்பிரட்டும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி கூட்டத்துக்குள் திரிந்தார்கள். உண்மையான உசனார் பாரின்மேல் தனியே உட்கார்ந்து, தன் புத்தியை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே பெட்டியை எடுத்திருக்க வேண்டும். ஆனால் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் கந்தூரி விருந்து. சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தார்கள். அதில் மூன்று பேருக்குச் சீனி வியாதி, அவர்கள் பங்கு இனிப்பும் உசனார் தலையில் விழுந்தது. சோறும் வட்டிலப்பமுமாக வீடு வந்தவர் பாயில் சரிந்தார். பெட்டி நினைவில் இல்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவரை, மண்டபத்து வாசலில் நிஸார் மறித்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"நானா, நீங்க முன் சஃப்பு வரிசையிலதானே ஈந்தீங்க?"

"ஓம். அதுக்கென்ன?"

"ஒங்கட போட் கடல்ல ஈக்குது."

எல்லோரும் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். உசனாரின் போட் மணலில்தான் கிடந்தது. அதன் நிழலில் ஓர் ஆடு அசை போட்டுக்கொண்டிருந்தது. டீவியைத் திரும்பிப் பார்த்தார்கள். உசனார் என்று பெயர் போட்ட புள்ளி நடுக்கடலில் நின்றது. "ஜும்ஆ நேரத்துல ஜின்னு கொண்டு போயிருக்கும்" என்றார் சாஹுல் ஹமீது.

உசனார் டீவிக்குக் கிட்டப் போனார். ஜின் கொண்டுபோயிருந்தால் அவர் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். புகைக்கூண்டையும் மினாராவையும் மனதுக்குள் நேராக்கிப் பார்த்தார். புள்ளி அவருடைய பாரின் நடு உச்சியில் நின்றது. பக்கத்தில் நிற்கும் அல்பிரட்டின் போட் கரையில் இல்லை என்று அப்போதுதான் கவனித்தார். அல்பிரட் என்று பெயர் போட்ட புள்ளியோ, அல்பிரட்டின் வாடிக் குடிசையிலேயே சமர்த்தாக நின்றது. அல்பிரட்டும் தன் பெட்டியை வாடிக் கூரையில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அது தன் பார் என்று சொன்னதாகிவிடும். உசனார் பல்லைக் கடித்தார்.

"அது என்ன எடம் நானா?" என்று கேட்டான் நிஸார்.

"அங்க ஒண்டுமில்ல" என்றார் உசனார். "வெறும் மண்ணு. ஒண்டுமே இல்ல. நான் செல்றேன், ஒண்டுமில்ல."

அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே மோசமான பொய் அதுதான். ஒரு மீனவன் ஓரிடத்தில் ஒன்றுமில்லை என்று மூன்று தரம் சொன்னால், அங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் குறிஞ்சிப்பிட்டியில் யாரும் படித்திருக்கத் தேவையில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் டீவியை மனதுக்குள் படம் பிடித்துக்கொண்டார்கள். வெங்காயத்தை விட்டு மறுபடி கடலுக்கு வந்திருந்த நஸீம் வெளிப்படையாகவே ஃபோனில் படம் பிடித்தான்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு அல்பிரட் கரையேறினார். ஊரே போய் நின்றது. மீன் பெட்டியில் கலவாயும் விளைமீனுமாகப் பளபளத்தன.

"எங்க புடிச்ச அல்பிரட்?" என்று யாரோ கேட்டார்கள்.

அல்பிரட் நேராக நிமிர்ந்து நின்று, வலது கையை உயர்த்தி, மாம்புரிப் பக்கமாக விரலை நீட்டினார்.

உசனார் அல்பிரட்டின் போட்டில் ஏறி, கயிற்றுக் குவியலுக்குள் கைவிட்டு மஞ்சள் பெட்டியை வெளியே எடுத்தார். கரை வெடித்துச் சிரித்தது. சிரித்து முடித்தவர்கள் நாளைக்குச் சீக்கிரம் எழும்ப வேண்டுமென்று வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேரும் மட்டும் மிஞ்சினார்கள்.

"எத்தின வருஷமாடா?" என்றார் உசனார்.

"மச்சான், நீ வெள்ளிக்கிழம போறதில்லதானே. சும்மா கிடக்கிற இடமெண்டு நினைச்சன்."

"எப்பிடித் தெரியும்?"

"நீ நஸீமைச் சுத்திச் சுத்திக் கொண்டுபோன அண்டைக்கு நான் பின்னால வந்தன். நீ திரும்பியே பாக்கல்ல. அவன் வாந்தி எடுக்கிறதத்தான் பாத்துக்கொண்டு இருந்தாய்."

உசனாருக்கு இப்போதுதான் கணக்குப் புரிந்தது. அவ்வளவு காலமும் சனிக்கிழமைகளில் மீன் கோபித்துக்கொண்டிருக்கவில்லை. "நான் அதுக்கு லீவு குடுத்திருந்தேன்டா! சபையில எந்திரிச்சிச் சென்னேன்! நீயும் பக்கத்துல எந்திரிச்சி நிண்டு ரெண்டு நாள் எண்டு செல்றாய்! வெக்கமில்லயா?"

அல்பிரட் வலையை உதறிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "ஞாயிற்றுக்கிழம நான் பூசையில முழங்காலில நிக்கிற நேரம், என்ட உடைஞ்ச வள்ளத்தடியில தூண்டில் போடுறது ஆர்?"

வடக்கே ஒரு பழைய வள்ளம் மூழ்கிக் கிடந்தது. அது அல்பிரட்டின் இடம்.

"ஆரு சென்ன?"

"ஆரும் சொல்லல்ல. திங்கக்கிழமையில எனக்கு மீன் இல்ல."

இரண்டு பேரும் போட் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால், உசனாருக்குக் கோபம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. வெட்கம்தான் வந்து ஏறியது. அல்லா தந்த லீவு என்று சபையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாரே, அந்தப் பாருக்கு இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கிடைத்திருக்கவில்லை.

மிஸ் அன்று பொழுது சாயவே வந்துவிட்டார், இந்தமுறை கண்டிப்போடு. "சலுகைய நிப்பாட்டணும். ஆனா அதுக்குப் பதிலா ஒரு வேல தாறன். ஒரு கிழமைக்குக் கடலுக்குப் போகாம இங்க இருந்து புள்ளி பாருங்க. ஆரார் பெட்டியக் கழட்டுறாங்க எண்டு கண்டுபிடிக்க உங்களவிடக் கெட்டிக்காரர் இல்ல." போகும்போது சிரித்தார். "எங்கட அப்பாவும் உடப்புல இப்பிடித்தான் விரல் நீட்டுவார் ஐயா. அவர்ட விரல் சிலாபத்தப் பாக்கும்."

அது மண்ணெண்ணெயை நிறுத்துவதைவிடக் கொடுமையான தண்டனை என்று சனிக்கிழமையே உசனாருக்குத் தெரிந்தது. விடியும்போதே புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரையைவிட்டுக் கிளம்பின. தெற்கே போவதுபோல் போய், மேற்கே திரும்பி, கடைசியில் எல்லாம் பாரின் தலையில் போய் மொய்த்தன. ஏழு புள்ளி. பெட்டியைக் கழற்ற வேண்டுமென்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. ஒளிக்க இனி என்ன இருக்கிறது? மாலையில் வந்தவர்களிடம் கேட்டால், வழி தவறிவிட்டது என்றார்கள். நஸீம் மட்டும் எஞ்சின் சூடாகிவிட்டது என்றான். அவனுடைய எஞ்சின் ஞாயிறும் சூடாகியது, திங்களும் சூடாகியது.

மத்தியானச் சோறு கொண்டுவந்த ஜுனைதா டீவியை அண்ணாந்து பார்த்தாள்.

"இதா அது?"

"ம்."

"இவ்வளவு கிட்டயா? நான் இந்தியாவுக்குப் பக்கத்துல எண்டு நெனச்சேன்." சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்தாள். "அல்பிரட் அண்ணனுக்குத் தெரியும், எங்கட நஸீமுக்குத் தெரியும், தேத்தண்ணி ஊத்துற சாஹுல் ஹமீது நானாவுக்கும் தெரியும். கட்டின பொண்டாட்டி டீவில பாக்கிறேன்."

உசனார் சோற்றைப் பிசைந்தார். "நான் அத ஒழுங்காப் பாத்துக்கொண்டேன் எண்டு நெனச்சேன் புள்ள" என்றார். ஜுனைதா மீன் துண்டில் பெரியதை அவர் பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை புள்ளி நான்காகியது. புதன்கிழமை இரண்டு. வியாழக்கிழமை பாரின்மேல் ஒரு புள்ளிகூட இல்லை. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். உசனாருக்கு அதன் அர்த்தம் தெரியும். மீன் இருக்கிற இடத்தை மீனவன் விட்டுப்போக மாட்டான். காலியான நீலத்தையே பார்த்துக்கொண்டு இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சாஹுல் ஹமீது கேட்காமலே ஒரு தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மிஸ் வந்தபோது உசனார் கேட்டார். "ஓய்வு குடுத்தா திரும்பி வருமா?"

"வரும். உண்மையாக் குடுத்தா வரும்."

அடுத்த கூட்டத்தில் மிஸ் தொடங்கும் முன்பே உசனார் எழும்பினார். போனமுறை பேச்சை நினைத்துச் சிலர் இப்போதே சிரிக்கத் தயாரானார்கள்.

"மிஸ், ஓய்வு வேணும். ஒரு நாளில்ல, ரெண்டு நாள். வெள்ளிக்கிழம, ஞாயிற்றுக்கிழம. ரெண்டு நாளும் பாருகள்ல ஒருத்தரும் தூண்டில் போடக் கூடாது. முஸ்லிமும் போடக் கூடாது, வேதக்காரரும் போடக் கூடாது. பெட்டி பூட்டியபடி ஈக்கவேணும்."

"நானும் அதத்தான் சொல்றன்" என்றார் அல்பிரட், பின்வரிசையிலிருந்து.

உசனார் சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் தன் பெருவிரல் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்னொருவர் கூரையில் பல்லி தேடினார். ஒரு முஸ்லிமும் ஒரு கத்தோலிக்கரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். அந்த மண்டபத்தில் வெள்ளிக்கிழமைக்கு ஓரிடமோ ஞாயிற்றுக்கிழமைக்கு ஓரிடமோ வைத்திருக்காதவர் ஒருவருமே இல்லை என்று உசனாருக்கு மெதுவாக விளங்கியது. இந்தக் கரை முழுவதும் ஒருவர் லீவு நாளில் மற்றவர் இடத்தில் உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கடலுக்குத்தான் லீவே இருக்கவில்லை.

"எதிர்க்கிறவங்க கைய உயத்துங்க" என்றார் மிஸ்.

ஒரு கையும் எழும்பவில்லை. எழுப்பினால் ஏன் என்று சொல்ல வேண்டி வரும்.

சீக்கிரம் விளைந்துவிட இது வெங்காயமில்லை. மாதங்கள் போயின. சோளகக் காற்று அடித்து, கடல் கலங்கி, மறுபடி வாடை வந்தது. இரண்டு மூன்று பேர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள். உசனாரிடம் யாரால் தப்ப முடியும்? கள்ளனைக் கொண்டே களவைப் பிடிக்கிற வேலையில் அவர் ஊருக்கே பெயர் எடுத்தார். பாருக்கும் போய்வந்தார், பெரும்பாலும் கறிக்கு மட்டும் கொண்டுவந்தார். சில போட்டுகள் இன்னும் அங்கே வந்தன. அவர்களைப் பார்த்துச் சலாம் சொல்லப் பழகிக்கொண்டார். அது அவருக்கு மிகக் கஷ்டமான பழக்கமாக இருந்தது.

டிசம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை, அல்பிரட்டின் எஞ்சின் ரிப்பேர். "வா மச்சான், என்ட போட்ல" என்று உசனார் தானாகவே கூப்பிட்டார். இந்தமுறை வட்டம் சுற்றவில்லை. புகைக்கூண்டை மினாராவோடு நேராக்கி நேரே கொண்டுபோனார். முதல் தூண்டிலிலேயே கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு கிழவர்களும் சேர்ந்து இழுத்துப் போட்டது ஒரு கலவாய். வாலிபத்தில் நங்கூரம் சிக்கிய நாளில் கீழே பார்த்தாரே, அந்தச் சாதி, அந்த அளவு. சனிக்கிழமையில்! உசனார் மீனைப் பார்த்தார், அல்பிரட்டைப் பார்த்தார், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. நிஸார் காலையிலிருந்தே டீவியில் அவர்களுடைய புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவன். எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"மாஷா அல்லாஹ்! எங்க நானா புடிச்ச?"

உசனார் நேராக நிமிர்ந்து நின்றார். வலது கை தானாக உயர்ந்தது. விரல் மாம்புரியைப் பார்த்து நீண்டது. கூட்டம் சிரிக்கத் தொடங்கவும், பக்கத்தில் நின்ற அல்பிரட் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் தன் கையையும் உயர்த்தி, உசனாரின் விரலுக்குப் பக்கத்திலேயே, மாம்புரிக்கே நீட்டினார்.